முதலில் அந்தத் தண்ணீர்க் குவளையைக் கீழே வையுங்கள்!

மொட்டை மாடித் தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

மழை ஓய்ந்த கையோடு வந்து குவிந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை அடினியம், கலஞ்சோ, யூபோர்பியா, டேபிள் ரோஸ் என்று பூக்கும் சதைப்பற்றுச் செடிகளை, அதாவது இலையிலோ தண்டிலோ தண்ணீரைச் சேமித்துவைக்கும் செடிகளைப் பற்றியவைதான். அதனால் இந்த முறை கத்தரிக்கும் தக்காளிக்கும் விடுமுறை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறேன், உங்கள் கடிதம் வரவில்லையே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நாலு வருஷமாக வளர்த்த அடினியம். கார்த்திகை மழைக்குப் பிறகு இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டிவிட்டது. அடிக்கிழங்கைத் தொட்டால் மெத்தென்று இருக்கிறது. தண்ணீர் போதவில்லையோ என்று தினமும் ஊற்றினேன், இன்னும் மோசமாகிறது. காப்பாற்ற முடியுமா?
– தாம்பரம் வாசகி

முடியும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். முதலில் அந்தத் தண்ணீர்க் குவளையைக் கீழே வையுங்கள். கிழங்கு மெத்தென்று ஆவதற்கு இரண்டு காரணம் உண்டு, தாகம் அல்லது அழுகல். இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர், அதனால்தான் இத்தனை அடினியம் வீட்டுக்கு வீடு செத்துப்போகிறது. தாகம் என்றால் கிழங்கு முழுக்க ஒரே சீராகத் தளர்ந்து தோல் லேசாகச் சுருங்கியிருக்கும், மண் காய்ந்திருக்கும், தொட்டியைத் தூக்கினால் எடையே இருக்காது. அழுகல் என்றால் ஒரு பக்கம் கெட்டியாகவே இருக்க, இன்னொரு பக்கம் அமுக்கினால் விரல் உள்ளே போகும், பழுப்புத் தண்ணீர் கசியும், புளித்த வாடை வரும். மழைக்குப் பிறகு, ஈர மண்ணில், ஊற்ற ஊற்ற மோசமாகிறது என்கிறீர்கள். இது அழுகல்தான்.

செடியை வெளியே எடுத்து வேரைக் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, கொழகொழவென்று இருக்கும் பகுதியைச் சீவ ஆரம்பியுங்கள். இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் கை நடுங்கும். பாதிக் கிழங்கு போகிறதே என்று பாவம் பார்த்து ஓரத்தில் கொஞ்சம் பழுப்பை விட்டுவைத்தால், அது மிச்சத்தையும் தின்றுவிடும். வெட்டிய முகம் முழுக்க வெள்ளையாக வரும்வரை வெட்ட வேண்டும். நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி, ஒரு மெல்லிய கோடு தெரிந்தாலும் இன்னொரு சீவல், ஒவ்வொரு சீவலுக்கும் கத்தியைத் துடைத்துக்கொள்ளுங்கள். கையுறை போட்டுக்கொண்டு செய்வது நல்லது. இது அரளிக் குடும்பம், ஆப்பிரிக்காவில் இதன் சாற்றைக் காய்ச்சி அம்பு முனையில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள்.

வெட்டிய இடத்தில் கார்பன்டாசிமும் மாங்கோசெப்பும் கலந்த பூஞ்சாணக்கொல்லித் தூளைக் குழைத்துப் பூசுங்கள். உரக்கடையில் சின்ன பாக்கெட்டில் கிடைக்கும். மஞ்சள் தூள் சிறு காயத்துக்குப் போதும், இவ்வளவு பெரிய வெட்டுக்கு நான் அதை நம்ப மாட்டேன். அப்புறம் நிழலில், காற்றோட்டமான இடத்தில் செடியைச் சும்மா படுக்கப் போட்டுவிடுங்கள், ஒரு வாரம், பெரிய வெட்டென்றால் பத்து நாள். வேரும் இல்லாமல் மண்ணும் இல்லாமல் கிடக்கிறதே என்று பயப்பட வேண்டாம், கிழங்கில் அதற்கு வேண்டிய தண்ணீர் இருக்கிறது. வெட்டுமுகம் காய்ந்து இறுகி, நகத்தால் தட்டினால் டக் டக்கென்று சத்தம் வந்த பிறகுதான் நட வேண்டும். காய்ந்த மண் கலவையில் நட்டு, ஆடாமல் ஒரு குச்சியோடு கட்டி, மேலும் ஒரு வாரம் கழித்து லேசாகத் தண்ணீர் காட்டுங்கள். புதுத் துளிர் வரும்வரை உச்சி வெயில் வேண்டாம்.

கலவையில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது. செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு தண்ணீரைப் பிடித்துவைக்காத ஏதாவது. பெர்லைட் என்ற பொரி போல லேசான வெள்ளைக் கல் வாங்கலாம், ஆனால் காசு. செங்கலைச் சுண்டைக்காய் அளவுக்கு உடைத்துப் போடலாம், கருக்கிய உமி போடலாம், எம்-சாண்டைச் சலித்து அதிலுள்ள மாவுத்தூள் போகக் கழுவிப் போடலாம். மேலே ஊற்றிய தண்ணீர் சில விநாடிகளில் அடித் துளையில் வந்துவிட வேண்டும், மேலே குளமாக நின்றால் கலவை தப்பு. ஐப்பசி பிறக்கும்போதே தொட்டியை சன்ஷேடுக்கு அடியில் தள்ளிவிடுங்கள், கீழே வைக்கும் தட்டை எடுத்துவிட்டு இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். வடகிழக்குப் பருவமழை நாள் கணக்கில் விடாமல் பெய்யும் ஊரில் இந்தச் செடிக்கு எமன் வெயில் இல்லை.

இன்னொன்று, மார்கழி தை மாதத்தில் கிழங்கு கெட்டியாக இருந்து இலை மட்டும் கொட்டினால் அது நோய் இல்லை, ஓய்வு. விட்டுவிடுங்கள்.

பூவோடு வாங்கிய கலஞ்சோ, அந்த ஒரு தடவைக்குப் பிறகு இரண்டு வருஷமாகப் பூக்கவே இல்லை. இலை மட்டும் பச்சைப் பசேலென்று கொழுத்து நிற்கிறது. என்ன உரம் போட வேண்டும்?
– கோவை வாசகர்

உரம் வேண்டாம், இருட்டு வேண்டும். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் பந்தயம் கட்டுகிறேன்: பால்கனியில், ராத்திரி பத்து பதினொன்று வரை டியூப் லைட் எரியும் இடத்தில், அல்லது தெருவிளக்கு விழும் இடத்தில்.

கலஞ்சோவின் சொந்த ஊர் மடகாஸ்கர். பகல் குறைந்து இரவு நீளும் காலத்தில்தான் அது மொட்டு வைக்கும், அந்த இரவும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். நடுவில் கொஞ்ச நேரம் விளக்கு எரிந்தாலும் செடி அதை நீண்ட இரவாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. நம் ஊரில் மார்கழியில்கூட இரவு பன்னிரண்டரை மணி நேரம் போலத்தான், அதிலும் நான்கு மணி நேரத்தை வீட்டு விளக்கு தின்றுவிட்டால் செடிக்கு வருஷம் முழுக்கக் கோடைதான். நர்சரிக்காரர்கள் பசுமைக்குடிலில் கறுப்புத் துணி போட்டு மூடி, எந்த மாதம் வேண்டுமோ அந்த மாதம் பூக்க வைத்துவிடுகிறார்கள், செடி குட்டையாக இருக்க வளர்ச்சியைக் குறுக்கும் மருந்து அடிப்பதும் உண்டு. அதனால்தான் கடையில் அடக்கமாக, பூவும் குடையுமாக இருந்தது நம் வீட்டில் கால் நீண்டு, கழுத்து நீண்டு வேறு செடி போல ஆகிறது.

ஒரு பெரிய அட்டைப்பெட்டி போதும். ஐப்பசி வாக்கில் ஆரம்பித்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு மூடி காலை ஏழு மணிக்கு எடுங்கள். 14 மணி நேரம் இருட்டு, பகலில் நல்ல வெளிச்சம், இப்படி ஆறு வாரம். ஒரு நாள் இரண்டு நாள் மறந்தால் பரவாயில்லை, வாரக் கணக்கில் மறந்தால் திரும்ப முதலிலிருந்துதான். நுனியில் சின்னக் கொத்து தலைகாட்டியதும் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடலாம். பெட்டியெல்லாம் தொல்லை என்றால், ராத்திரி விளக்கே போடாத பின்பக்கப் படிக்கட்டு, மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், இப்படி ஏதாவது இடம் பாருங்கள். பூத்து முடிந்ததும் காய்ந்த கொத்தோடு இரண்டு கணு கீழே வெட்டிவிடுங்கள். வெட்டிய நுனிகளை இரண்டு நாள் ஆறப்போட்டு நட்டால் புதுச் செடி, தாய்ச்செடியைவிட அதுதான் அழகாகப் பூக்கும்.

வீட்டில் பூனை, நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், அவற்றுக்கு இது விஷம்.

இரட்டை அடுக்கு சிவப்பு அடினியம் என்று விலை கொடுத்து வாங்கினேன். முதல் வருஷம் அப்படியே பூத்தது, இப்போது ஒற்றை அடுக்கில் வெளிர் ரோஸ் பூ வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– தஞ்சாவூர் வாசகி

இல்லை அம்மா, கடைக்காரர் பாவம். அடுக்குப் பூ வகைகள் பெரும்பாலும் ஒட்டுச்செடிகள். விதையில் முளைத்த சாதாரண ரோஸ் செடியை அடியாக வைத்து, மேலே சிவப்புக் கிளையை ஒட்டியிருப்பார்கள். தண்டைக் கூர்ந்து பாருங்கள், ஒரு இடத்தில் வளையம் போல, அல்லது சாய்வான வெட்டுத் தழும்பு போல ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழேயிருந்து முளைத்த கிளையில்தான் உங்கள் வெளிர் ரோஸ் பூக்கிறது. அடிச்செடி முரட்டு ஜாதி, அதை விட்டுவைத்தால் மேலே இருப்பதைப் பட்டினி போட்டுவிடும். கோட்டுக்குக் கீழே எது துளிர்த்தாலும் பிஞ்சிலேயே கிள்ளி எறியுங்கள். மேல்கிளை முழுக்கக் காய்ந்துபோயிருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை, ஒற்றை ரோஸைச் சந்தோஷமாக வளர்க்க வேண்டியதுதான். எனக்கென்னவோ அந்த ஒற்றை அடுக்கு ரோஸ்தான் பிடிக்கும், மழைக்கும் தாங்கும். அடுக்குப் பூ நாலு தூறலில் நசநசவென்று அழுகிப்போகிறது.

ஊட்டி போனபோது ரோஜாப்பூ வடிவத்தில் இருக்கும் எச்சிவேரியா அஞ்சாறு வகை வாங்கி வந்தேன். மதுரையில் சித்திரை பிறப்பதற்குள் எல்லாம் போய்விட்டது. தண்ணீர்கூட அளவாகத்தான் விட்டேன். எங்கே தவறு?
– மதுரை, கல்லூரி மாணவர்

தவறு உங்களுடையது இல்லை தம்பி, ஊருடையது. சதைப்பற்றுச் செடி என்றாலே பாலைவனம், பாலைவனம் என்றாலே வெயில் தாங்கும் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். எச்சிவேரியா பெரும்பாலும் மெக்சிகோ மலைநாட்டுச் செடி. பகலில் வெயில் அடித்தாலும் அங்கே ராத்திரி குளிரும்.

அந்த ராத்திரிதான் முக்கியம். மற்ற செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து காற்றை இழுக்கும். இந்த வகைச் செடிகள் தண்ணீர் ஆவியாகிவிடுமே என்று பகலில் இறுக்கி மூடிக்கொண்டு, ராத்திரியில் திறந்து காற்றிலுள்ள கரியமிலவாயுவை வாங்கி அமிலமாக்கிச் சேமித்துவைத்து, மறுநாள் வெயிலில் அதைச் செலவழித்துச் சமைக்கும். இதை முதலில் கவனித்து எழுதியவர்களில் ஒருவருக்கு நம் பக்கத்துத் தொடர்பு உண்டு. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலையைக் காலையில் மென்றால் புளிக்கிறது, மத்தியானம் சப்பென்று ஆகிறது, சாயங்காலம் கசக்கிறது என்று ஒரு கடிதத்தில் எழுதினார், அது 1815-இல் லண்டனின் லின்னேயன் சொசைட்டி என்ற இயற்கை அறிவியல் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. (நீங்கள் மென்று பார்க்க வேண்டாம், அதுவும் கலஞ்சோ இனம்தான்.)

இப்போது மதுரைக்கு வாருங்கள். சித்திரை, வைகாசியில் நடு இரவிலும் சுவர் சுடுகிறது. குளிர்ச்சியே வராத ராத்திரியில் எச்சிவேரியா சரியாக மூச்சு வாங்க முடியாமல், இருக்கும் சேமிப்பையும் கரைத்துக்கொண்டு நாளுக்கு நாள் இளைக்கும், அந்த நேரம் பார்த்து ஒரு சொட்டுத் தண்ணீர் அதிகமானாலும் அடி கழன்றுவிடும். கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் ஓரளவு பெங்களூரிலும் அது தழைக்கும். மதுரையில் வேண்டுமென்றே வளர்ப்பதானால் கார்த்திகையில் வாங்கி மாசி வரை வைத்து ரசிக்கலாம், பூச்சாடியில் பூ வைப்பது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் கள்ளி என்று விற்பதற்கும் இதே கதைதான், அது பிரேசில் மலைக்காட்டில் மர நிழலில் வளர்வது. அந்தக் காசுக்கு அடினியம் வாங்குங்கள், யூபோர்பியா வாங்குங்கள், மதுரை வெயிலைப் பார்த்துச் சிரிக்கும்.

எங்கள் வீட்டில் பிரம்ம கமலம் இருக்கிறது. இமயமலைப் பூ நம் வீட்டில் பூப்பது அதிர்ஷ்டம் என்கிறார்கள். ஆனால் அஞ்சு வருஷமாக ஒரு மொட்டுகூட இல்லை.
– நாகர்கோவில் வாசகி

இமயமலைப் பிரம்ம கமலம் வேறு. அது உத்தராகண்டின் மாநிலப் பூ, பனி விழும் உயரத்தில் தரையில் வளரும் சின்னச் செடி, நாகர்கோவிலில் ஒரு வாரம் உயிரோடு இருக்காது. உங்களிடம் இருப்பது நிஷாகந்தி, மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துக் கள்ளி. நீங்கள் இலை என்று நினைப்பது இலையே இல்லை, தட்டையான தண்டு. அதன் ஓரத்தில் பல் பல்லாக இருக்கும் பள்ளத்திலிருந்துதான் மொட்டு வரும்.

பூக்காததற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று, கும்மிருட்டான மூலை. காடுகளில் மரத்தின் மேல் தொற்றி வளரும் செடி என்பதால் உச்சி வெயில் ஆகாது, ஆனால் காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் கட்டாயம் வேண்டும். இன்னொன்று, அளவுக்கு மீறிப் பெரிய தொட்டி. வேர் தொட்டியை நிரப்பி நெருக்கியடிக்கும்போதுதான் இது பூக்க நினைக்கும், நீங்கள் வருஷா வருஷம் அன்பாகத் தொட்டி மாற்றினால் அது வருஷா வருஷம் வேர் மட்டும் விடும். மாற்றாதீர்கள். தண்டுகளையும் சும்மா சும்மா வெட்டாதீர்கள், முதிர்ந்த தண்டில்தான் மொட்டு. மொட்டு வந்து காம்பு மேல்நோக்கி வளைந்து மூக்கு உப்பத் தொடங்கினால் அன்றைக்கு ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு விரியும், விடிவதற்குள் தலை தொங்கிவிடும். சொந்தக்காரர்களைக் கூப்பிடுவதானால் மத்தியானமே போன் செய்துவிடுங்கள்.

வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், வெங்காயத் தோல் தண்ணீர் எல்லாம் ஊற்றினால் பூத்துக் குலுங்கும் என்று வீடியோவில் காட்டுகிறார்களே?
– திருச்சி வாசகி, இன்னும் பலர்

வீடியோவில் குலுங்கும். இந்தத் தண்ணீரிலெல்லாம் சத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன், தென்னைக்கும் செம்பருத்திக்கும் தாராளமாக ஊற்றுங்கள். ஆனால் சதைப்பற்றுச் செடிக்கு நாம் பாடுபட்டு வடிகால் கலவை போட்டுவிட்டு, அதன் தலையிலேயே புளித்த மாவுத் தண்ணீரை ஊற்றினால் பூஞ்சாணமும் கொசு மாதிரிப் பறக்கும் சின்ன ஈயும்தான் முதலில் வரும். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 என்று தண்ணீரில் கரையும் உரம் கிடைக்கிறது, லிட்டருக்கு ஒரு கிராம், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, அதுவும் வளரும் காலத்தில் மட்டும். மொட்டு வைக்கும் பருவத்தில் சாம்பல் சத்து மிகுந்த 13:0:45 உரம், அதே அளவு. ஓய்வில் இருக்கும் செடிக்கும், அறுவை முடிந்து படுத்திருக்கும் செடிக்கும் எதுவும் வேண்டாம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரையும் தயவுசெய்து ஊற்றாதீர்கள். அதிலுள்ள உப்பு தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவதோடு நிற்காமல் வேரையும் கருக்கும்.

நேற்று வரை இலையோடு இருந்த அடினியம் இன்று காலையில் மொட்டை. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. மாடு ஆடு வர வழியில்லை, மூன்றாவது மாடி!
– புதுச்சேரி வாசகர்

கீழே பாருங்கள், செடியைப் பார்க்காதீர்கள். தொட்டி மண்ணிலும் தரையிலும் கறுப்பு மிளகு அளவுக்கு உருண்டை உருண்டையாகக் கிடக்கிறதா? அது புழுவின் எச்சம். அதற்கு நேர் மேலே இருக்கும் கிளையின் அடிப்பக்கத்தில் இப்போது தேடினால் விரல் தடிமனில் பச்சைப் புழு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அரளி, நந்தியாவட்டை எல்லாம் தின்னும் பருந்து அந்துப்பூச்சியின் புழு. வாலில் ஒரு சின்னக் கொம்பு, தலைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் நீல நிறத்தில் கண் மாதிரி வட்டம். தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அந்தப் போலிக் கண்ணை உருட்டி நம்மை மிரட்டும், முதல் தடவை பார்ப்பவர் கையை இழுத்துக்கொள்வார். கடிக்காது. கிளையோடு எடுத்துத் தூரத்தில் ஒரு அரளிப் புதரில் விட்டுவிடுங்கள், அழகான பூச்சியாக வரும். நிறைய இருந்தால் புழுவைக் கொல்லும் பாக்டீரியாவான பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் கரைசலைச் சாயங்காலத்தில் தெளிக்கலாம். மொட்டையான செடி சீக்கிரமே துளிர்த்துவிடும், சொல்லப்போனால் பலருடைய அடினியத்துக்கு இந்தப் புழுதான் கவாத்துப் பண்ணிக் கொடுக்கிறது.

யூபோர்பியா, கள்ளி மாதிரி முள் செடிகளை வீட்டில் வைக்கக் கூடாது என்று மாமியார் சொல்கிறார். உண்மையா?
– சேலம் வாசகி

மாமியார் பேச்சில் நான் தலையிட மாட்டேன். ஒரு தகவல் மட்டும்: இதே முள் யூபோர்பியாவைத் தாய்லாந்தில் அதிர்ஷ்டச் செடி என்று வாசலில் வைத்து வளர்க்கிறார்கள், கொத்துக்கு எட்டுப் பூ வந்தால் விசேஷம் என்று நம்புகிறார்கள். நம் நர்சரிகளில் கிடைக்கும் பெரிய பூ வகைகளில் பல அங்கே உருவானவைதான். பயப்பட வேண்டியது அதன் பாலுக்கு. கிளை வெட்டும்போது வெள்ளையாகச் சொட்டும் பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் பொல்லாதது, கால் மணி நேரம் விடாமல் சுத்தமான தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து நேராகக் கண் டாக்டரிடம் போய்விட வேண்டும். சின்னக் குழந்தை தவழும் வீடென்றால் மாமியார் சொல்வதையே கேளுங்கள்.

வேறு இடம் கிடைத்தால், இதைவிட உழைப்பில்லாத பூச்செடி தொட்டியில் கிடையாது. ஆறு மணி நேர வெயில் கிடைத்தால் வருஷம் பூராவும் பூக்கும். குச்சி வைக்கும்போது வெட்டிய நுனியைத் தண்ணீரில் முக்கிப் பாலை நிறுத்தி, மூன்று நான்கு நாள் காயவைத்து நடுங்கள்.

டேபிள் ரோஸ் முதல் இரண்டு மாதம் நெரிசலாகப் பூத்தது. இப்போது குச்சி குச்சியாக நீண்டு நுனியில் மட்டும் ஒரு பூ.
– திருநெல்வேலி வாசகர்

வயசாகிவிட்டது, அவ்வளவுதான். விரல் நீளத்துக்குக் கிள்ளி அதே தொட்டியில் சொருகி, பழையதைப் பிடுங்கிப் போடுங்கள். வேர்கூடப் பார்க்க வேண்டியதில்லை, சொருகினால் வரும். பத்து மணிப்பூ என்று சும்மாவா சொன்னார்கள், வெயில் ஏறினால்தான் விரியும். நிழலில் வைத்து எதிர்பார்க்காதீர்கள்.

ஆன்லைனில் வாங்கிய செடிகள் பெட்டிக்குள் வதங்கி வந்தன. உடனே நட்டுத் தண்ணீர் ஊற்றினேன், ஒரே வாரத்தில் பாதி அழுகிவிட்டது. மீதியையாவது காப்பாற்ற வேண்டும்.
– வேளச்சேரி வாசகர்

மீதி இருப்பதை மறுபடி பிடுங்குங்கள். வேரைச் சுற்றி ஒரு வலைக் கிண்ணமோ, பஞ்சு உருண்டையோ, இறுகிய நார்க்கழிவுக் கட்டியோ இருக்கும். நர்சரியில் நாற்று விட்டபோது வைத்தது. வெளியே மண் காய்ந்திருந்தாலும் அந்தக் கட்டி மட்டும் உள்ளே ஈரமாகவே இருந்து கழுத்தை அழுகவைக்கும். பொறுமையாகப் பிய்த்து எடுங்கள், நாலு வேர் அறுந்தால் அறுந்து போகட்டும். மேலே அலங்காரக் கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் அதையும் உடைத்தெறியுங்கள். மூன்று நாள் நிழலில் காய்ந்தபின் நம் வடிகால் கலவையில் நடவு. பயணத்தில் வதங்கிய செடிக்கு அவசரம் கிடையாது, வந்த அன்றைக்கே குளிப்பாட்டிச் சாப்பாடு போட வேண்டியதில்லை. வெயிலும் மெதுவாகத்தான், முதலில் வெளிச்ச நிழல், அடுத்த வாரம் காலை வெயில், அப்புறம்தான் மாடி. நேரே மாடியில் கொண்டுபோய் வைத்தால் இலையில் வெளுத்த தீக்காயம் விழும், அது ஆறாது, புது இலை வந்துதான் மறையும்.

வெள்ளை மாவுப்பூச்சிக்கு என்ன மருந்து?
– நிறையப் பேர்

கொஞ்சமாக இருந்தால் காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைப்பதே போதும். அதிகமென்றால் வேப்பெண்ணெய் 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணீர், சூரியன் சாய்ந்த பிறகு மட்டும் தெளிக்க வேண்டும், எண்ணெய் பூசிய இலையில் வெயில் பட்டால் வெந்துவிடும். எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். எறும்புதான் மாவுப்பூச்சியைத் தூக்கிச் சுமந்து குடிவைப்பது, அதை நிறுத்தாமல் மருந்தடிப்பது வீண். மருந்தடித்தும் திரும்பத் திரும்ப வந்தால் செடியை உருவி வேரைப் பாருங்கள், வேரிலேயே வெள்ளையாக அப்பியிருக்கும் வகையும் உண்டு.

கற்றாழை பூத்தால் செத்துவிடுமா?
– விருதுநகர் வாசகர்

செத்துப்போவது ஆனைக்கற்றாழை, ரயில் கற்றாழை என்போமே, அது. பல வருஷம் சும்மா இருந்து கம்பம் போல ஒரு பூந்தண்டை அனுப்பிவிட்டு அத்தோடு முடிந்துவிடும், ஆனால் சுற்றிலும் குட்டி விட்டுவிட்டுத்தான் போகும். நீங்கள் வைத்திருக்கும் சோற்றுக்கற்றாழை வருஷா வருஷம் பூக்கும், ஒன்றும் ஆகாது. விருதுநகரில் இருந்துகொண்டு வெளியூர்ச் செடியையே கேட்கிறீர்களே, உங்கள் பக்கத்துப் பொட்டல் காட்டில் கள்ளிமுளையான் இருக்குமே! துவையல் அரைப்பார்கள். நாலு பட்டையான தண்டு, மேலே போகப் போக மெலிந்து, நுனிப்பக்கம் சின்னச் சின்னதாகப் பூக்கும். ஒரு துண்டை ஒடித்து மணல் கலந்த மண்ணில் வைத்து மறந்துவிடுங்கள். தொட்டியில் அவ்வளவு அழகு, யாரும் வளர்ப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அடினியத்தில் ஆட்டுக்கொம்பு மாதிரி ஜோடியாகக் காய் வந்திருக்கிறது. விதை எடுக்கலாமா? எப்போது பறிப்பது?
– காரைக்குடி வாசகி

எடுக்கலாம், பெரிய விஷயம்தான், மாடித் தொட்டியில் தானாகக் காய் பிடிப்பது அபூர்வம். பச்சையாகப் பறிக்காதீர்கள். முற்றிக் காய்ந்து நிறம் மாறியதும் ஒரு பக்கம் கோடு விட்டு வெடிக்கும், விதையின் இரண்டு முனையிலும் பஞ்சு இருப்பதால் வெடித்த சில மணி நேரத்தில் பக்கத்துத் தெருவுக்குப் பறந்துவிடும். இப்போதே காயைச் சுற்றி நூலால் மூன்று நாலு இடத்தில் கட்டிவிடுங்கள், அல்லது பழைய வலைத்துணியைப் பை மாதிரி மாட்டிவிடுங்கள். எடுத்த விதையை டப்பாவில் போட்டு வைக்க வேண்டாம், புதிதாக இருக்கும்போதே மணலும் கருக்கிய உமியும் கலந்த தட்டில் படுக்கவைத்து மெல்லிசாக மூடினால் ஒரு வாரத்தில் முளைக்கும். கிளை வெட்டி நட்டதைவிட விதையில் வந்த செடிக்குத்தான் கிழங்கு நன்றாகப் பருக்கும். பூ தாய்ச்செடி மாதிரியே இருக்கும் என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.